குளம்பைப் படித்த மருத்துவர் மூர்கிராஃப்ட்

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய காலத்தில், லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இல்லாத வீடுகள் குறைவு. மாடு நொண்டினால் வீட்டுப் பெரியவர் முதலில் அதன் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்ப்பார். கல் குத்தியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, சீழ் கட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். வாயில்லாச் சீவன் தன் வலியைச் சொல்லாது. நாம்தான் அதன் உடம்பைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படி உடம்பைப் படிக்கும் கலையை முறையான மருத்துவமாகக் கற்ற முதல் ஆங்கிலேயர் வில்லியம் மூர்கிராஃப்ட். மனிதர்களுக்கு மருத்துவம் பார்க்கப் படிக்கத் தொடங்கி, பாதியிலேயே குதிரைகளின் பக்கம் திரும்பியவர். பின்னர் இந்தியாவுக்கு வந்து, இமயத்தைக் கடந்து, நல்ல குதிரைகளைத் தேடிப் போன வழியிலேயே உயிர்விட்டவர். மாணவர்களாகிய நாம் அவரைத் தெரிந்துகொள்வதில் இரட்டைப் பயன் உண்டு. குளம்பு சொல்லும் அறிவியலும் கிடைக்கும்; ஒரு துறையைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பாடமும் கிடைக்கும்.

மாட்டு நோய் மாற்றிய வாழ்க்கை

மூர்கிராஃப்ட் 1767இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ஆர்ம்ஸ்கிர்க் என்ற ஊரில் பிறந்தார். தாய் திருமணமாகாதவர். தந்தை பெயர் இல்லாத பிள்ளை என்றால் அந்தக் காலச் சமூகம் எப்படி நடத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தாயின் குடும்பம் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். அவர்கள் பையனைக் கைவிடவில்லை. லிவர்பூல் நகரில் ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பழக அனுப்பினார்கள்.

அந்த நேரத்தில் லங்காஷயரில் மாடுகளை ஒரு கொள்ளை நோய் தாக்கியது. மந்தை மந்தையாக மாடுகள் சாய்ந்தன. மருத்துவம் பயின்ற இளைஞர்களை உதவிக்கு அழைத்தார்கள். அவர்களில் மூர்கிராஃப்டும் ஒருவர். அவருடைய திறமையைக் கண்ட நிலக்கிழார்கள், மனித மருத்துவத்தை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவம் படிப்பதானால் செலவைத் தாங்களே ஏற்பதாகச் சொன்னார்கள்.

இது எளிய முடிவன்று. அன்றைய இங்கிலாந்தில் நோயுற்ற குதிரையை லாடம் அடிக்கும் கொல்லரிடம்தான் கொண்டு போவார்கள். அந்த வேலைக்குப் படிப்பும் கிடையாது, பட்டமும் கிடையாது. மருத்துவர் என்று மதிக்கப்படப் போகும் இளைஞன் அதை விட்டுவிட்டுக் கொல்லர் பட்டறைக்குப் போவதா என்று பலரும் முகம் சுளிக்கக்கூடிய காலம். மூர்கிராஃப்ட் துணிந்து அந்த வழியில் இறங்கினார்.

கால்நடை மருத்துவம் கற்பிக்கும் பள்ளி அப்போது இங்கிலாந்தில் இல்லை. பிரான்சின் லியோன் நகரில் இருந்தது. குளோட் புர்ஜலா என்பவர் 1761இல் அனுமதி பெற்றுத் தொடங்கிய அந்தப் பள்ளிதான் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி. பிரெஞ்சுப் புரட்சி வெடித்து நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் மூர்கிராஃப்ட் அங்கே போய்ப் படித்துத் தேறினார்.

நாடு திரும்பியவர் லண்டன் ஆக்ஸ்ஃபர்ட் தெருவில் குதிரைகளுக்கு ஒரு மருத்துவமனை நடத்தினார். 1791இல் தோன்றிய லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல் பேராசிரியர் 1793இல் இறந்ததும், எட்வர்ட் கோல்மன் என்பவரோடு சேர்த்து மூர்கிராஃப்டையும் அந்தப் பதவியில் அமர்த்தினார்கள். அதில் அவர் நிலைக்கவில்லை. விரைவில் விலகித் தம் மருத்துவமனைக்கே திரும்பிவிட்டார்.

லண்டனில் அவர் பெயர் பரவியதற்கு முக்கியக் காரணம் நொண்டும் குதிரைகளை அவர் குணப்படுத்திய விதம். குதிரை நொண்டினால் பெரும்பாலும் கோளாறு காலின் அடியில்தான் இருக்கும். 1800இல் அவர் எழுதி வெளியிட்ட நூலும் லாடம் அடிக்கும் முறைகளைப் பற்றியதுதான். நாள் முழுதும் குளம்பைக் கையில் ஏந்திப் பார்த்த அந்த மருத்துவரின் கண்ணில் பட்டிருக்கக்கூடியவை என்ன என்று இங்கே சற்று நின்று பார்ப்போம்.

குளம்பு என்னும் நாட்குறிப்பு

நம் விரல் நகமும் குதிரையின் குளம்பும் ஒரே பொருளால் ஆனவை. அதன் பெயர் கெரட்டின். நகம் அதன் அடிவேரிலிருந்து வளர்வதுபோல, குளம்பின் வெளிச்சுவர், காலின் மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். முன்புறச் சுவர் முழுதும் புதிதாக மாற ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும்.

அந்த விளிம்பில் உள்ள உயிரணுக்களுக்கு இரத்தம் நன்றாகக் கிடைத்தால் சுவர் வழவழப்பாக வளரும். தீவனம் மாறினால், பருவம் மாறினால், காய்ச்சல் கண்டால் வளர்ச்சியின் வேகமும் மாறும். அந்த மாற்றம் ஒரு மேடாகவோ பள்ளமாகவோ குளம்பைச் சுற்றி வளையம் போடும். பிறகு அந்த வளையம் குளம்போடு சேர்ந்து மெல்லக் கீழே இறங்கும். ஆகவே, குதிரையின் கடந்த ஓராண்டு வாழ்க்கை அதன் குளம்பின் மேல் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

அதைப் படிக்கும் முறை எளிது. ஒரு குதிரையின் நான்கு குளம்புகளிலும், மேல் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே ஓர் ஆழமான பள்ளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் வளர்ச்சி என்று கணக்கிட்டால், ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன் அந்தக் குதிரையின் உடம்பு முழுவதையும் ஏதோ ஒன்று உலுக்கியிருக்கிறது. கடுங்காய்ச்சலாக இருக்கலாம், பட்டினியாக இருக்கலாம், நீண்ட பயணமாகவும் இருக்கலாம். பள்ளம் ஒரே ஒரு குளம்பில் மட்டும் இருந்தால், கோளாறு உடம்பில் இல்லை. அந்தக் காலில் மட்டும் அடிபட்டிருக்கிறது.

வளையங்கள் எல்லாமே நோயைக் காட்டுபவை அல்ல. ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், இணைகோடுகளாக ஓடும் மெல்லிய வளையங்கள் பருவமும் தீவனமும் மாறியதைத்தான் காட்டும். நல்ல உடல்நிலையில் உள்ள குதிரைக்கும் அவை இருக்கும்.

கவலைப்பட வேண்டியது வேறொரு வடிவத்தைக் கண்டால். முன்புறத்தில் வளையங்கள் நெருங்கி, பின்புறக் குதிகாலை நோக்கிப் போகப் போக விசிறிபோல் விரிந்து காணப்பட்டால், அந்தக் குதிரைக்கு லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி நீண்ட நாளாக இருக்கிறது என்று மருத்துவர் சந்தேகிப்பார். குளம்புச் சுவருக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் இடையில் நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகள், விரல்களைக் கோத்துக்கொண்டதுபோல் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. ஒரு குதிரையின் எடை 400, 500 கிலோ. அந்தப் பாரத்தை அந்தப் பிடிப்புதான் தாங்குகிறது. அழற்சியால் பிடிப்புத் தளர்ந்தால் எலும்பு இடம்மாறும். முன்புறச் சுவரின் வளர்ச்சி தடைப்படும். குதிகால் பக்கம் மட்டும் வழக்கம்போல் வளரும். வளையங்கள் விசிறியாவதற்கு அதுவே காரணம். நோய் முற்றினால் எலும்பின் முனை குளம்பின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு.

இந்த நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பழமையானது, அளவுக்கு மீறிய தானியத் தீவனம். தானியம் குதிரையின் பெருங்குடலில் அளவின்றிப் புளிக்கும்போது உண்டாகும் கேடு கடைசியில் குளம்பைப் போய்த் தாக்குகிறது. இன்று கொழுத்த குதிரைகளில் இன்சுலின் கோளாறும் இதற்குப் பெரிய காரணம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். நம் நாட்டில் இனிப்பு நீரைப் பற்றி அடிக்கடி கேள்விப்படும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. நல்லது செய்வதாக நினைத்து அளவில்லாமல் ஊட்டும் அன்பும் ஒரு சீவனை நொண்டியாக்கிவிடும்.

பாண்டியர் குதிரைகளின் கதை

தமிழர்களுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு நீண்டது. அதில் ஒரு சோகமும் கலந்திருக்கிறது. தமிழ்நாட்டின் வெப்பத்தில் நல்ல போர்க்குதிரைகள் பெருகவில்லை. அரபு நாட்டுக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக அவற்றை வாங்கினார்கள். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு போன மாணிக்கவாசகரின் கதை நம் கோயில்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியானதையும், அவற்றில் பெரும்பாலானவை அதே ஆண்டில் மடிந்துபோனதையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை, இறைச்சியோடு வேகவைத்த சோற்றைத் தீவனமாகக் கொடுக்கிறார்கள், குதிரை வைத்தியர் யாரும் அங்கே போய்விடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர் தரும் விளக்கம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்! ஓர் அரசின் கருவூலம், குதிரையைப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாத ஒரே குறையால் கடல் கடந்து கரைந்தது. அந்த அறிவு எவ்வளவு விலை பெறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பூசா பண்ணையில் ஓட்ஸ்

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதே சிக்கல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் வந்தது. அதன் குதிரைப் படைக்குத் தரமான குதிரைகள் கிடைக்கவில்லை. வங்காள மாகாணத்தில், இன்றைய பீகாரின் சமஸ்திப்பூர் மாவட்டத்தில் உள்ள பூசாவில் கம்பெனி ஒரு குதிரைப் பண்ணை வைத்திருந்தது. அதைச் சீர்படுத்த ஆள் தேடியபோது கண்ணில் பட்டவர் மூர்கிராஃப்ட்.

அவருக்கும் அப்போது ஒரு மாற்றம் தேவைப்பட்டது. லாடத்தை இயந்திரத்தால் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்று அதில் கொட்டிய பணத்தைப் பெருமளவு இழந்திருந்தார். 1808இல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார்.

பண்ணையில் அவர் கண்டது ஏமாற்றம்தான். குதிரைகள் தரமற்றவை, நோய் மலிந்திருந்தது. அவர் தரம் குறைந்தவற்றைக் கழித்தார். தீவனத்தை மாற்றினார். நம் வீட்டுக் காலை உணவில் இன்று இடம்பிடித்துவிட்ட ஓட்ஸை அங்கே குதிரைகளுக்காகப் பெரிய அளவில் பயிரிடச் செய்தார். சில ஆண்டுகளில் பண்ணையில் நோய் குறைந்தது.

பூசா என்ற பெயர் வேளாண்மை படிக்கும் மாணவர்களுக்கு அறிமுகமானதுதான். அந்த இடத்தில்தான் 1905இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. 1934 நிலநடுக்கத்தில் கட்டடங்கள் இடிந்ததால் அது டில்லிக்கு மாறியது. பெயரும் கூடவே போனது.

அந்த ஆண்டுகளில் நம் மலாக்காவிலும் ஒரு காட்சி நடந்தது. 1811இல், ஜாவா மீது படையெடுக்கப் புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பற்படை மலாக்காத் துறையில் வந்து கூடியது. இந்தியச் சிப்பாய்களும் குதிரைப் படைப் பிரிவும் அதில் இருந்தனர். அன்று மலாக்காவில் வாழ்ந்த சிறுவன்தான் பிற்காலத்தில் மலாய் இலக்கியத்தில் புகழ்பெற்ற முன்ஷி அப்துல்லா. அவர் தம் சுயசரிதையில் அந்தப் படையெடுப்பு நாட்களைப் பதிவு செய்திருக்கிறார். குதிரை என்பது அன்று ஒரு பேரரசின் கால்கள். அந்தக் கால்கள் நொண்டாமல் பார்த்துக்கொள்வது மூர்கிராஃப்டின் பொறுப்பு.

இமயத்தைக் கடந்த தேடல்

தீவனத்தையும் பராமரிப்பையும் சீர்செய்தாலும், நல்ல இனம் இல்லாமல் பண்ணை உயராது என்று மூர்கிராஃப்ட் உணர்ந்தார். மத்திய ஆசியாவின் புகாரா நகரச் சந்தையில் உயர்ந்த குதிரைகள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டார். அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு.

1812இல் ஹியர்சி என்ற அதிகாரியோடு, இந்து யாத்திரிக வணிகர்களைப்போல் வேடமிட்டு, நீத்திக் கணவாய் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்தார். மானசரோவர் ஏரியை அடைந்தார். கங்கை அந்த ஏரியிலிருந்து புறப்படவில்லை என்பதை நேரில் பார்த்து உறுதி செய்தார். காஷ்மீர் சால்வைக்குக் கம்பளி தரும் ஆடுகளை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் கூர்க்கர்களிடம் பிடிபட்டு, சிறிது காலம் காவலில் இருந்து விடுபட்டார். குதிரை கிடைக்கவில்லை. வேலையை விட்டு ஊர் சுற்றியதற்காக மேலிடத்தின் அதிருப்திதான் மிச்சம்.

இரண்டாவது பயணத்துக்கு அனுமதி கிடைக்க ஏழாண்டுகள் ஆயின. 1819இல் புறப்பட்டார், அப்போது வயது 52. ஜார்ஜ் டிரெபெக் என்ற இளைஞரும், பாரசீக மொழி அறிந்த மீர் இஸ்ஸத்துல்லாவும் உடன் சென்றனர். லாகூரில் மன்னர் ரஞ்சித் சிங்கைக் கண்டார். 1820 செப்டம்பரில் லடாக்கின் தலைநகரான லே சென்று சேர்ந்தார்.

லடாக்கில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். அங்கே குதிரை மருத்துவர் மனித மருத்துவரானார். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அறுவை செய்து பலருக்குப் பார்வை தந்தார். இளமையில் பாதியில் விட்ட படிப்பு ஐம்பது வயதுக்குமேல் மலையுச்சியில் கைகொடுத்தது. கற்ற கல்வி எதுவும் வீண்போவதில்லை.

1822இல் ஹங்கேரியிலிருந்து பெரும்பாலும் கால்நடையாக வந்த சோமா டி கோரோஸ் என்ற ஏழை மொழியறிஞரைச் சந்தித்தார். திபெத்திய மொழியைக் கற்கும்படி அவரை ஊக்கி, நூலும் உதவியும் தந்து அனுப்பினார். 1834இல் வெளிவந்த சோமாவின் திபெத்திய - ஆங்கில அகராதி அந்த மொழி ஆய்வுக்கு அடித்தளமானது. அந்தப் பெருமையில் நம் குதிரை மருத்துவருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் கம்பெனி பொறுமை இழந்தது. குதிரை வாங்கப் போனவர் அரசியல் பேசுகிறார், ஆண்டுகளை வீணாக்குகிறார் என்று அவருடைய சம்பளத்தை நிறுத்தியது. மூர்கிராஃப்ட் திரும்பவில்லை. காஷ்மீர், பெஷாவர், காபூல் வழியாகச் சென்று, 1825 பிப்ரவரியில் புகாராவை அடைந்தார். பதின்மூன்று ஆண்டுக் கனவு. ஆனால் அங்கே அவர் எண்ணிவந்த எண்ணிக்கையில் உயர்ந்த குதிரைகள் இல்லை. கிடைத்த சிலவற்றோடு திரும்பும் வழியில், இன்னும் சில நல்ல குதிரைகள் கிடைக்குமா என்று அந்த்கோய் என்ற ஊருக்குப் போனார். அங்கே காய்ச்சல் கண்டு, 1825 ஆகஸ்ட் 27இல் இறந்தார். உடலைப் பால்க் நகரில் அடக்கம் செய்தார்கள். சில மாதங்களுக்குள் டிரெபெக்கும் மாண்டார்.

தோற்றவர் விட்டுச்சென்றது

தேடிப் போனது கிடைக்காததால் அவரைத் தோற்றவர் என்றே அன்று பலரும் கருதினார்கள். ஆனால் போகுமிடமெல்லாம் அவர் எழுதி வைத்த குறிப்புகள் தப்பிப் பிழைத்தன. பயிர்கள், ஆடுகள், சால்வை நெசவு, நோய்கள், சந்தை விலைகள் என்று எதையும் அவர் விடவில்லை. 1841இல் எச். எச். வில்சன் அவற்றைத் தொகுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அன்றைய லடாக்கையும் காஷ்மீரையும் ஆராய்பவர்கள் இன்றும் அந்த நூலைத்தான் நாடுகிறார்கள். உற்றுப் பார்ப்பது, பார்த்ததை எழுதி வைப்பது: நொண்டும் குதிரையின் முன் குனிந்து பழகிய இந்தப் பழக்கத்தைத்தான் அவர் மலைகளின் மீதும் மக்களின் மீதும் செலுத்தினார்.

மூர்கிராஃப்ட் இறந்து இருபதாண்டுகளுக்குப் பிறகு, 1846இல், பிரெஞ்சு மருத்துவர் போ என்பவர், கடும் நோயிலிருந்து எழுந்த மனிதர்களின் நகங்களில் குறுக்குப் பள்ளங்கள் தோன்றுவதை விவரித்தார். போ கோடுகள் என்று அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. நம் கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. நகத்தின் அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளிப் பள்ளம் இருந்தால், ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முந்திய காய்ச்சலின் தடம் அது. குதிரைக் குளம்பில் போட்ட அதே கணக்கு! மாட்டின் குளம்பிலும் இதே வகைப் பள்ளங்களைப் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. குளம்பின் வரி ஒரு தடயம் மட்டுமே. அது எப்போது என்பதைச் சொல்லும். ஏன் என்பதை முழுதாகச் சொல்லாது. அதைக் கண்டபின் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்துதான் மருத்துவர் முடிவுக்கு வருவார்.

மருத்துவம் என்றாலே மனித மருத்துவம்தான் என்ற எண்ணம் நம் சமூகத்தில் இன்றும் வலுவாக இருக்கிறது. எஸ்.டி.பி.எம், மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்காவிட்டால் வீடே இடிந்துபோகிறது. மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்திலும் மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் ஐந்தாண்டுக் கால்நடை மருத்துவப் படிப்பு இருக்கிறது. அதை இரண்டாம் தரம் என்று ஒதுக்குவோர், விருப்பத்தோடு அதையே முதல் தெரிவாக எடுத்த மூர்கிராஃப்டை நினைத்துப் பார்க்கலாம். மாடும் ஆடும் வளர்த்த தோட்டத்துப் பாட்டன் பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் துறை அந்நியமன்று. கொட்டகையில் குனிந்து குளம்பைப் பார்த்த அந்தப் பெரியவர்களிடம் கண் இருந்தது, கை இருந்தது. படிக்க வாய்ப்பு மட்டும் இல்லை. அந்த வாய்ப்பு இன்று மாணவர்களின் கையில் இருக்கிறது.